தமிழ்ப் பள்ளித் தாழ்வாரத்தில் நிற்கும் பெற்றோருக்கு

டுசல்டோர்ஃப்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காக்களுக்கு, அண்ணன்களுக்கு, ஆசிரியர்களுக்கு,

சனிக்கிழமைதோறும் பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, ஜன்னல் திண்டில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தாழ்வாரத்தில் நிற்கிறோம். வாடகை, விசா, ஊரில் பெற்றோரின் உடம்பு, எந்தப் பிள்ளைக்குக் கிம்னாசியம் பள்ளியில் இடம் கிடைத்தது என்று பேச்சு எங்கெங்கோ போகும். போன வாரம் அது என் பக்கம் திரும்பியது. "ஆபீஸ் முடிந்து வந்தும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காருகிறீர்களாமே. சொந்த வெப்சைட்டாமே. அதில் என்ன வருமானம்?" என்று ஓர் அண்ணன் கேட்டார். வருமானம் ஒன்றும் இல்லை என்றேன். "பிறகு எதற்கு? எல்லாம்தான் வாட்ஸ்அப்பில் இருக்கிறதே" என்றார். அதற்குள் வகுப்பு விட்டுவிட்டது. நான் பதில் சொல்லவில்லை.

படியிறங்கும்போது நம் அக்கா ஒருவர் என்னைத் தனியாக நிறுத்தி ஒரு விஷயம் சொன்னார். அவருடைய அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறேன். அவருடைய அம்மா மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊரில் காலமானார். எழுதப் பழக்கமில்லாததால் சமையல் குறிப்புகளை எல்லாம் குரல் செய்தியாக மகளுக்கு அனுப்பிவந்தவர் அவர். வற்றல்குழம்பு, பருப்பு உருண்டைக் குழம்பு, பிரசவ மருந்து என்று நாற்பதுக்கு மேல் இருந்தனவாம். போன மாதம் போன் தண்ணீரில் விழுந்தது. புதுப் போனில் பழையது எதுவும் ஏறவில்லை. "குறிப்பு போனால் போகட்டும், வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்வேன். ஒவ்வொன்றின் முடிவிலும் 'சரி, அங்க குளிரும், காதை மூடிக்கோ'ன்னு சொல்வாங்க. அது போச்சே" என்றார்.

அண்ணன் கேட்ட கேள்விக்கான பதிலை அந்தப் படிக்கட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

நம் ஊரில் வீடு கட்டுவதற்கு முன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்ப்போம். புறம்போக்கில் மாடி வைத்துக் கட்டினாலும் நிம்மதியாகத் தூங்க முடியாது. இணையத்தில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே மறந்துவிட்டோம். இந்த ஊர்ப் பிள்ளைகளின் அனுபவத்தையே பாருங்கள். 2005இல் பெர்லினில் தொடங்கிய ஸ்டுடிஃபௌட்செட் என்ற தளத்தில் ஜெர்மன் மாணவர்களின் ஒரு தலைமுறையே குடியிருந்தது. பிறகு எல்லோரும் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள். 2022 மார்ச் 31 அன்று கதவை மூடிவிட்டார்கள். அதற்கு முன், எளிய மக்கள் லட்சக்கணக்கில் தங்கள் கையாலேயே பக்கங்கள் கட்டிய ஜியோசிட்டீஸை யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் மூடியது. தன்னார்வலர்கள் இரவு பகலாக உட்கார்ந்து ஒரு பகுதியை நகலெடுத்துக் காப்பாற்றினார்கள். மைஸ்பேஸில் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள் சர்வர் மாற்றும்போது அழிந்துபோன செய்தி 2019இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. இவை எதுவும் சதி அல்ல. கடைக்காரர் கடையைக் கட்டினார், அவ்வளவுதான். நம் பொருளை அங்கே வைத்துவிட்டு வந்தது நாம்.

சொந்த டொமைன் பெயரும் ஆண்டுச் சந்தாதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் அந்தப் பெயர் உங்களுடையது. இடம் கொடுக்கும் நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் ஒரு மாற்று எண் வாங்கிக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். முகவரி மாறாது. பத்து வருடத்துக்கு முன் பாட்டிக்கு எழுதிக் கொடுத்த அதே முகவரியில் பக்கம் திறக்கும். டாட் டிஇ என்று முடியும் பெயர்களை ஃபிராங்க்ஃபுர்ட்டில் உள்ள டெனிக் என்ற கூட்டுறவுச் சங்கம் பராமரிக்கிறது. பெயரும் சிறிய இடமும் சேர்த்து மாதம் சில யூரோ ஆகும். ஒரே குறை, அதில் தமிழ் எழுத்தில் பெயர் வைக்க முடியாது. லத்தீன் வகை எழுத்துகளை மட்டுமே அங்கே ஏற்கிறார்கள். புள்ளி இந்தியா, புள்ளி இலங்கை, புள்ளி சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் உலகில் இருக்கும்போது, இங்கே மட்டும் நம் வீட்டுப் பெயர்ப் பலகையை அவர்கள் எழுத்தில் எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

எழுத்து என்றதும் பில்கில் எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஐயா ஒருவர் நினைவுக்கு வருகிறார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் அகதியாக வந்து உணவகச் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 1999இல் தன் ஊரைப் பற்றி நூற்றிருபது பக்கம் கணினியில் தட்டச்சு செய்து ஒரு குறுந்தகட்டில் வைத்திருந்தார். போன குளிர்காலத்தில் அதை ஒரு பிஸ்கட் டின்னில் எடுத்துவந்தார். சனிக்கிழமைகளில் ஆஹனர் பிளாட்ஸ் பழைய பொருள் சந்தையில் சுற்றி நான் வாங்கி வைத்திருந்த பழைய டிரைவ் அன்றைக்குத்தான் பயன்பட்டது. தகடு ஓடியது, கோப்பு திறந்தது. உள்ளே ஒரு சொல்கூடத் தமிழ் இல்லை. "தமிழ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஐயா திரையைப் பார்த்தார். "தம்பி, நான் தமிழிலதானே எழுதினனான்" என்றார்.

அது பாமினி எழுத்துரு. ஈழத் தமிழர்கள் பெரும்பாலும் அதில்தான் எழுதினார்கள். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடியைப் போட்டதுபோன்ற ஏற்பாடு அது. முகமூடியைக் கழற்றினால் ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும். யுனிகோட் 1991இல் தன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கணினிகள் அதைக் காட்டத் தொடங்கின. அதுவரை பாமினி, மயிலை, திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு முறை. அந்தக் காலத்தில் எழுதப்பட்டது எவ்வளவு இப்படி வாசிக்க முடியாமல் பிஸ்கட் டின்களில் கிடக்கிறதோ என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

சுரதா யாழ்வாணன் செய்து இலவசமாக இணையத்தில் வைத்த பொங்குதமிழ் எழுத்துருமாற்றி இருக்கிறது. ஐயாவின் கோப்பை அதில் போட்டோம். நொடியில் தமிழாக மாறியது. ஆனால் முதல் பக்கத்திலேயே "முற்றத்து மாமாம்" என்று வந்தது. இரண்டு பேரும் விழித்தோம். பிறகுதான் புரிந்தது. ஐயா தட்டச்சு செய்தபோது ரகரம் வர வேண்டிய இடத்தில் துணைக்காலை அடித்திருக்கிறார். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கண்ணுக்கு மாமரம், கணினிக்கு மாமாம். நூற்றிருபது பக்கத்திலும் அப்படித்தான். இதை மென்பொருளிடம் முழுதாக ஒப்படைக்க முடியாது. ஐயா வாய்விட்டு வாசிக்க வாசிக்க, நான் திருத்திக்கொண்டே போனேன். பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கிணற்றடி, கோயில் வீதி, இடம்பெயர்ந்த இரவு எல்லாவற்றையும் அவர் குரலிலேயே கேட்டேன். பக்கம் இணையத்தில் ஏறிய அன்று கனடாவில் இருக்கும் அவருடைய தங்கை போன் செய்து அழுதார். என் பொழுதுபோக்கால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் போன் அழைப்புத்தான் நினைவுக்கு வரும்.

இந்த வேலையை நான் கண்டுபிடிக்கவில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு, வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டு, மாலை நேரத்தில் தமிழுக்கு இணையத்தில் இடம் கட்டியவர்கள் முன்பே இருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைக் கையால் தட்டச்சு செய்து அனுப்பினார்கள், சம்பளம் கிடையாது. ஜெர்மனியிலேயே இருந்துகொண்டு நா. கண்ணனும் க. சுபாஷிணியும் 2001இல் தமிழ் மரபு அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2005இல் ஈழத்து நூல்களைச் சேமிக்கும் நூலகம் தளம் வந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை நேரில் கண்டவர்களும் கேட்டு வளர்ந்தவர்களும் அதற்கு எவ்வளவு உழைத்திருப்பார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் சிலர் அதை என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இனி வீட்டு விஷயம். எங்கள் வாசலில் செருப்பு வைக்கும் அலமாரியின் மேல்தட்டில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு ராஸ்பெர்ரி பை இருக்கிறது. குடும்பத்தின் இணையதளம் அதில்தான் ஓடுகிறது. நாள் முழுக்க எரிந்தாலும் நான்கு வாட் அளவில்தான் இழுக்கும். ஆண்டுக்கு முப்பத்தைந்து யூனிட், இன்றைய விலையில் பன்னிரண்டு யூரோவுக்கு அருகில். தொடக்கத்தில் வெளியிலிருந்து அதைத் திறக்கவே முடியவில்லை. இங்கே பல இணைப்புகளில் வீட்டுக்கென்று தனி ஐபி எண் தருவதில்லை. தெரு முழுவதற்கும் ஒரே கதவு எண் கொடுத்ததுபோல், தபால்காரர் எந்த வீடு என்று தெரியாமல் திரும்பிவிடுவார். புதிய வகை ஐபி வழியாகச் சுற்றிவரும் வழியை எனக்குக் காட்டியது கேயாஸ்டோர்ஃப். கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பின் டுசல்டோர்ஃப் கிளை அது. முதல் முறை உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. என் ஜெர்மன் அப்போது கடைக்குப் போகும் அளவுதான். சாலிடரிங் வாசனையும் பழைய சோபாவுமாக இருந்த அறையில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, எந்த நாடு என்றுகூடக் கேட்காமல், "பிரச்சினை என்ன?" என்றார். இந்த நாட்டில் நான் அந்நியன் இல்லை என்று முதன்முதலாக எனக்குத் தோன்றியது அந்த நாற்காலியில்தான். இலவச வைஃபை அமைக்கும் ஃப்ரைஃபுங்க் நண்பர்களையும் சொல்ல வேண்டும். 2015இல் அகதிகள் தங்கியிருந்த கூடங்களுக்கு, தங்கள் கையிலிருந்த ரவுட்டர்களைக் கொண்டுபோய் மாட்டி, ஊரில் இருக்கும் தாயிடம் பேச வழி செய்தவர்கள் அவர்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் அந்தக் குட்டிக் கணினியின் மெமரி கார்டு செத்துவிட்டது. தளம் மூன்று நாள் இருட்டில் கிடந்தது. ஆனால் ஓர் எழுத்துகூடப் போகவில்லை. வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க், வாடகை சர்வரில் ஒரு நகல், மதுரையில் தங்கை வீட்டுப் பீரோவில் இன்னொரு டிஸ்க் இருந்தன. மூன்றாவது எதற்கு என்று தங்கையும் கேட்டாள். 2021 ஜூலை 14 அன்று, இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த சின்ன டுசல் ஆறு பெருகி ஓஸ்ட்பார்க் பக்கம் நிலவறைகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. எனக்குத் தெரிந்த குடும்பத்தின் கல்யாண ஆல்பம் ஊறிப் பொம்மிக் கிடந்ததைக் கையால் தூக்கியிருக்கிறேன். ஒரே ஊரில் இரண்டு நகல் இருந்தால் அது ஒரு நகல்தான்.

நகலை எந்த வடிவத்தில் வைப்பது என்பதில் நான் பிடிவாதக்காரன். யாரும் எளிதில் படிக்க முடிய வேண்டும். ரைன் கோபுரத்தின் தண்டில் இரவில் எரியும் விளக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை, கடிகாரம். ஹோர்ஸ்ட் பௌமன் என்ற கலைஞர் வடிவமைத்தது. நேரம் காட்டுபவை 39 விளக்குகள். மேலிருந்து மணியின் பத்தாமிடத்துக்கு இரண்டு, ஒன்றாமிடத்துக்கு ஒன்பது, நிமிடத்துக்கு ஐந்தும் ஒன்பதும், வினாடிக்கு மறுபடி ஐந்தும் ஒன்பதும். எண்ணத் தெரிந்தால் போதும், மணி சொல்லிவிடலாம். என் மகள் ஏழு வயதில் ஆற்றங்கரையில் நின்று பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டாள். எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து அதே முறைதான். அதேபோல, டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் இணையப் பக்கம் இன்றைய போனிலும் திறக்கும். வெறும் எழுத்து, நடுவே சில அடையாளக் குறிகள், அவ்வளவே. பூட்டு இல்லை, தனி மென்பொருள் வேண்டாம். நம் வீட்டுப் பக்கங்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். எழுத்து யுனிகோடில், பக்கம் எளிய ஹெச்டிஎம்எல்லில், குரல் எம்பி3இல். நாற்பது ஆண்டு கழித்துத் திறக்கிற பேரப்பிள்ளைக்கு நம் உதவி தேவைப்படக் கூடாது.

சட்டத்தைப் பற்றிய பயம் உங்களில் பலருக்கு உண்டு, அது நியாயமான பயம். வீட்டு முகவரியை இம்ப்ரசும் என்ற பொறுப்பாளர் விவரப் பக்கத்தில் போட வேண்டுமே என்று ஓர் அக்கா கேட்டார். முழுக்கக் குடும்பத்துக்காக நடத்தும் பக்கத்துக்குச் சட்டம் அதைக் கேட்பதில்லை. விளம்பரமோ விற்பனையோ வந்தால் நிலைமை மாறும். எழுத்துரு விஷயத்தில் கவனம் வேண்டும். பார்வையாளரின் ஐபி எண் கூகுளுக்குப் போகும்படி அதன் எழுத்துருவை இழுத்த ஒரு தளத்துக்கு எதிராக 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் நூறு யூரோ இழப்பீடு விதித்தது. அதைப் பிடித்துக்கொண்டு பலருக்கு மிரட்டல் கடிதங்கள் போயின. நோட்டோ போன்ற இலவசத் தமிழ் எழுத்துருவைத் தரவிறக்கி நம் இடத்திலேயே வைத்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. பிள்ளைகளின் படங்களுக்குப் பெற்றோர் இருவரின் ஒப்புதலும், கூட நிற்கும் பிள்ளையின் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். இந்த நாட்டில் ஒருவர் படத்தின் மேல் அவருக்கே உரிமை என்ற சட்டம் 1907ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிஸ்மார்க் இறந்த அறைக்குள் இரண்டு படக்காரர்கள் புகுந்து பிணத்தைப் படம் எடுத்த விவகாரம்தான் அதற்கு வழி திறந்தது. ஆண்டுவிழாப் படங்களைக் குழுவில் அள்ளிக் கொட்டும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. என் மகளுக்கு "என் கோடை விடுமுறை" என்று கட்டுரை கொடுத்தீர்கள். ஐந்து வரி எழுத ஒரு மணி நேரம் அழுதாள். அதே பிள்ளை, ஓபர்காசல் புல்வெளியில் ஜூலையில் நடக்கும் ரைன் கிர்மஸ் திருவிழாவைப் பற்றித் தன் பக்கத்தில் எழுதலாம் என்று சொன்னதும், ராட்டினத்துக்குத் தமிழில் என்ன, பஞ்சுமிட்டாய்க்கு என்ன என்று தானே கேட்டு இருபத்திரண்டு வரி எழுதினாள். காரணம் எளிது. நோட்டை நீங்கள் ஒருவர் மட்டும் திருத்துவீர்கள். பக்கத்தை மதுரையில் பாட்டி படிப்பார். படித்துவிட்டு, "பறவைக்கு வல்லின றகரம் போடு தங்கம்" என்று போனில் சொன்னார். அந்த றகரத்தை அவள் இனி மறக்கமாட்டாள். தான் தமிழில் எழுதுவதைப் படிக்க ஒரு வாசகர் காத்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். வகுப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கட்டித் தருவது என் வேலை.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் அதே கட்டடத்தில் அறை கேட்டு வாங்கியிருக்கிறேன். பழைய மடிக்கணினி இருந்தால் கொண்டுவாருங்கள், மெதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவின் கடிதம், அப்பாவின் கையெழுத்தில் ஒரு கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை, குறுந்தகடு, எதுவானாலும் ஒன்றை மட்டும் எடுத்துவாருங்கள். எழுதத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம். நீங்கள் சொல்லுங்கள், நான் தட்டச்சு செய்கிறேன். போனின் பாஸ்வேர்டு தெரியாமல் வந்துவிடாதீர்கள். பாதி நேரம் அதிலேயே போகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதற்காகத்தான் இன்று இரவே எழுதினேன். அந்த அக்கா தன் அம்மா அனுப்பியவற்றில் சிலவற்றை அந்த நாட்களில் நமக்கெல்லாம் தனித்தனியாக அனுப்பியிருக்கிறார். யாருக்கு எதை என்று அவருக்கு நினைவில்லை. தயவுசெய்து உங்கள் போனில் அவர் பெயரைத் திறந்து பழைய செய்திகள் வரை மேலே தள்ளிப் பாருங்கள். கிடைத்தால் யாருக்கும் அனுப்பாமல் எனக்கு மட்டும் அனுப்புங்கள். அவற்றை யார் கேட்கலாம் என்பதை அக்கா தீர்மானிப்பார்.

என் போனில் தேடினேன். 2020 நவம்பர். வற்றல்குழம்பு, இரண்டு நிமிடம் பதினான்கு வினாடி. சுண்டைக்காயை வறுக்கும்போது அடுப்பைக் குறைக்கச் சொல்கிறார், பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது, கடைசியில் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறார். மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டேன். பருப்பு உருண்டைக் குழம்பு யாரிடம் இருக்கிறது?

அன்புடன்,
மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா